பதினோரு பிரபலங்களும் ஓர் அலட்சியமும்

பீம்ராவ் அந்த மாடிப்படியில் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் ஏறினார். சட்டைப் பையில் மகள் யசோதராவின் வேலை உத்தரவு நான்காக மடிந்து கிடந்தது. அதை யாரிடமும் காட்டுவதாக இல்லை. கோபம் இறங்கினால் தொட்டு ஏற்றிக்கொள்ளக் கொண்டுவந்திருந்தார்.

தண்டையார்பேட்டையில் ஒரு வெங்காய மண்டிக்கு மேலே இருந்தது அந்தக் கம்பெனி. கீழே மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மேலே கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவர் நிறைய வாயைப் பிளந்தபடி எகிறி உதைக்கும் உருவங்கள். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். வெங்காய வாடையை விடச் சொல்ல வழியில்லாததால் அது அவரோடு உள்ளே வந்து உட்கார்ந்தது.

முதலாளி ஒவைசுக்கு முப்பத்து நான்கு வயது. பெங்களூரில் ஏழு வருஷம் வீடியோ கேம் செய்துவிட்டு, பிறந்த மண்ணுக்கு ஏதாவது செய்தே தீருவது என்று திரும்பி வந்தவன். மண் கேட்கவில்லை. அவன் செய்துகொண்டிருந்தது ‘சிங்கார மோதல்’ என்கிற சண்டை கேம். விளம்பரத்திலும் வாரப் பத்திரிகையிலும் பொட்டலத்திலும் தனித்தனியாகப் பிறந்த பன்னிரண்டு பிரபலங்கள் ஒரே மேடையில் ஏறி ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். ‘உங்களுக்குத் தெரிந்த எல்லோரும், ஒரே இடத்தில்’ என்று சுவரில் எழுதியிருந்தது.

அந்த எல்லோரில் பீம்ராவும் ஒருவர். அதுதான் தகராறு.

எண்பத்தொன்பதில் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவதற்காக ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள ஆலைகள் சேர்ந்து ஒரு தகரப் பலகை அடித்தன. படம் பிடிக்க வந்தவர், பீம்ராவ் வேலை செய்த திருவொற்றியூர் ஆலைக்கு வந்து, பாரம் தூக்கும் கலாசிகளில் இரண்டு பேரை இழுத்து வெயிலில் நிறுத்தினார். ஒருவர் வரதன். சிவப்பு, எண்ணெய் வகிடு, பென்சில் மீசை. மற்றவர் பீம்ராவ். கறுப்பு, சுருட்டை, கத்தை மீசை. படக்காரர் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “நீ ஹெல்மெட்ட போடு” என்றார் வரதனிடம். “நீ கழட்டு” என்றார் பீம்ராவிடம். பீம்ராவ் கழற்றிய ஹெல்மெட்டைத்தான் வரதன் தலையில் வைத்தார்கள். வரதன் அன்றைக்கு ஹெல்மெட் கொண்டுவரவில்லை.

பலகை வந்தது. ‘முன்னெச்சரிக்கை முத்து வீட்டுக்குப் போனான். அலட்சியம் ஆறுமுகம் ஆஸ்பத்திரிக்குப் போனான்.’ முத்து சிரித்துக்கொண்டு டிபன் டப்பாவோடு நின்றான். ஆறுமுகம் பாதி விரல் போன கையில் கட்டோடு அழுதுகொண்டிருந்தான். பீம்ராவின் விரலை மடக்கிக் கட்டி, அழச் சொல்லிக் கண்ணில் வெங்காயம் தேய்த்திருந்தார்கள். இன்றைக்கும் வெங்காயம் அவருக்கு ஆகாது.

இருபது வருஷம் அந்தப் பலகை ஒவ்வொரு ஆலைச் சுவரிலும், ரயில்வே கேட்டிலும், லாரி எடைமேடையிலும் தொங்கியது. ஜனங்கள் அதைப் படித்துத் திருந்தினார்களா என்றால் இல்லை. ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பால் பொங்க விட்டவள் அலட்சியம். கேட்சை விட்டவன் அலட்சியம். இண்டிகேட்டர் போடாமல் திரும்பியவன் அலட்சியம். திருவொற்றியூரில் ஒரு நொண்டிப் பூனைக்குக்கூட அந்தப் பெயர் இருந்தது. வாயில் உருண்டு உருண்டு அது ‘அலச்சியம்’ ஆயிற்று. முத்துவை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. ஒழுங்காக வீட்டுக்குப் போனவனை ஊர் எதற்குக் கூப்பிடப்போகிறது?

பீம்ராவ் முப்பத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வேலை பார்த்து, பத்து விரலோடு ஓய்வு பெற்றார். பிரிவுபசாரப் பேச்சில் மேனேஜர், “நம் அன்புக்குரிய அலட்சியம்” என்று ஆரம்பித்தார். கைதட்டல் அடங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

வரதன் கதை வேறு. இரண்டாயிரத்து ஒன்றில், கையுறை இல்லாமல் பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் கை வைத்து, வலது ஆள்காட்டி விரலில் பாதியை அங்கேயே விட்டார். அன்றிலிருந்து அந்தக் கையில் ஒரு கைக்குட்டை. சாப்பிடும்போது தவிர அது இறங்கியதில்லை. நாற்காலி, சால்வை, நலச்சங்கத் தலைவர் பதவி எல்லாவற்றையும் அவர் இடது கையாலேயே வாங்கினார். மேடை கிடைத்தால், “முன்னெச்சரிக்கை என்று சொன்னாலே இந்த வரதன் முகம்தான்” என்று தொடங்குவார். எதிரே இருப்பவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள்.

பலகைகள் துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போன பிறகுதான் பீம்ராவ் கொஞ்சம் மூச்சு விட்டார். பெயர் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யசோதரா தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்தாள். எண்ணூரில் ஒரு ஆலையில் சேஃப்டி ஆபீஸர் வேலை கிடைத்தது. பத்து நாளில் சேர வேண்டும். போலீஸ்காரரின் அப்பா திருடன் என்றால்கூட ஊர் ஒத்துக்கொள்ளும், நடக்கிற காரியம்தான். சேஃப்டி ஆபீஸரின் அப்பா அலட்சியம் என்றால் சிரித்தே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அதே வாரம்தான் ஒவைஸ் காயலான் கடையில் ஒரு பழைய பலகையைக் கண்டெடுத்து, படம் பிடித்து, இன்ஸ்டாகிராமில் போட்டான். ‘இந்த லெஜண்டுகள் யார்? எங்கே? எங்க சண்டை கேமுக்கு வேணும்.’

முதல் லெஜண்டு ஏற்கெனவே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தது. சால்வையோடு.

“வா பீமு” என்றார் வரதன், ஆலையில் வேலை ஏவிய அதே குரலில். “தம்பி நம்ம ரெண்டு பேரையும் ஜோடியா போடுது. நான் அடிப்பேன். நீ வுழுவ.”

“நான் வுழறதுக்கு வரல. என் மூஞ்சிய எடுக்க வந்தேன்.”

ஒவைஸ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். “அங்கிள், உட்காருங்க. நீங்க ரெண்டு பேரும் ஐகானிக். வட சென்னைக்குன்னு ரெண்டு ஸ்லாட் வச்சிருக்கேன். ஒரு சைன் போதும்.”

“ஐகானிக்குன்னா?”

“எல்லாருக்கும் தெரிஞ்ச முகம்.”

“எல்லாருன்னா? இந்த ரூம்ல ஏ.சி. வாங்கிக்கினு கீறவங்களா?”

வரதன் தொண்டையைக் கனைத்தார். “அவனுக்கு வெவரம் பத்தாது தம்பி. நான் பேனர் ஆர்டர் குடுத்துட்டேன். ‘வட சென்னையின் முகம்’. பத்துக்கு எட்டு.”

பீம்ராவ் சுவரைப் பார்த்தார். ஒவ்வோர் உருவத்துக்கும் கீழே பெயர் இருந்தது. அப்பளம் அண்ணாச்சி. கூந்தல் குமாரி. துப்பறியும் தும்பி. பம்ப்செட் பயில்வான். கடைசியில் கிரீடம் வைத்த ஒரு ரஸ்க்.

“இது யாரு?”

“ரஸ்க் ராஜா. எங்க மாமா பேக்கரி கவர்ல வரும். செம ஃபேன் பேஸ்.”

“எத்தினி பேரு?”

“ஃபேமிலி குரூப்லயே நாப்பது பேர்.”

பீம்ராவுக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. முகத்தை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினால் இவன் எடுக்க மாட்டான். இந்தப் பன்னிரண்டு பேரும் யாருக்கும் தெரியாத பேர்வழிகள் என்று இவன் கண்ணெதிரிலேயே நிரூபித்துவிட்டால் கேமே கவிழ்ந்துவிடும். கப்பல் முழுகினால் முகமும் கூடவே முழுகும்.

“தம்பி, பேசிக்கினு இருக்க வேணாம்” என்றார். “இந்தப் படங்கள அட்டைல போட்டு வச்சிகீறயே, அத்த எடு. கீழ பச்சையம்மா டீக்கடைக்குப் போவோம். ஒவ்வொண்ணா காட்டு. பேரு சொல்லட்டும். பாதி பேரை சொல்லிட்டாங்கன்னா நான் கையெழுத்து போடறேன். சொல்லலன்னா கடைய மூடிட்டு நீ மறுபடியும் பெங்களூருக்கே போ.”

ஒவைசுக்குச் சிரிப்பு வந்தது. “டன் அங்கிள்.”

வரதன் சால்வையைச் சரிசெய்துகொண்டார். ஜனங்களைச் சந்திப்பதென்றால் அவருக்கு எப்போதும் சம்மதம்.

பச்சையம்மாவின் கடை மண்டிக்கு எதிரே, ஷேர் ஆட்டோ நிற்கும் முனையில். ஐம்பது வயதுக்காரி. பேச்சைக் கொதிக்கவைத்துத்தான் ஊற்றுவாள். மூட்டை இறக்கியவர்கள் நான்கு பேர், ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவர், காசிமேட்டிலிருந்து கூடையோடு திரும்பிய ஒரு மீன்காரம்மா, பள்ளிக்கூடப் பை மாட்டிய இரண்டு பெண்கள். தெரு நியமித்த நடுவர் குழு.

ஒவைஸ் முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினான். அப்பளம் அண்ணாச்சி.

“எங்க ஓனரு மாரி கீறாரு” என்றார் மூட்டைக்காரர் ஒருவர். “இன்னா தப்பு பண்ணாரு?”

கூந்தல் குமாரி. “பேய்ப் படமா?” என்றாள் ஒரு மாணவி.

துப்பறியும் தும்பி. “கொசு மருந்து.”

பம்ப்செட் பயில்வான். “எங்க மாமனாரு” என்றார் ஆட்டோ டிரைவர். கூட இருந்தவர்கள் உற்றுப் பார்த்து, ஜாடை இருப்பதாக ஒத்துக்கொண்டார்கள்.

ரஸ்க் ராஜாவைப் பச்சையம்மா வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். “பொறை மாரி கீது. தலைல இன்னாத்துக்கு குல்லா?”

“ஆன்ட்டி, இவர் பேர் தெரியாதா?”

“பொறைக்கு இன்னா நைனா பேரு. பொறைதான் பேரு.”

பத்து அட்டை ஆயிற்று. ஒரு பெயரும் தேறவில்லை. ஒவைசின் கழுத்து வியர்த்தது. பீம்ராவுக்கு உள்ளே இனித்தது. சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

பதினோராவது அட்டை முன்னெச்சரிக்கை முத்து. வரதன் யதேச்சையாக வந்தவர்போல அட்டைக்குப் பக்கத்தில் வந்து, பலகையில் நின்ற மாதிரியே நின்றார். டிபன் டப்பா ஒன்றுதான் இல்லை.

மீன்காரம்மா அட்டையைப் பார்த்தாள். வரதனைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

“எலெக்சன்ல நின்னு டெபாசிட் போச்சே, அவரா?”

“அந்தாளு செத்துட்டாருமா” என்றார் ஆட்டோ டிரைவர். “இது மெட்ரோ வேல பாக்க வந்த இஞ்சினீரு.”

“பக்கத்துல கீறவரு யாரு?”

“அவரு சும்மா டீ குடிக்க வந்தவரு.”

வரதனின் வாய் திறந்து அப்படியே நின்றது. முப்பத்தாறு வருஷமாக அவர் தூக்கிச் சுமந்த முகம் அது. அதை ஒரு மீன்கூடைக்காரி டெபாசிட் போனவரிடம் கொடுத்துவிட்டாள். பீம்ராவ் பார்த்தார். பரிதாபப்பட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

“அவ்ளோதான் தம்பி. கடைய மூடு” என்றார்.

“ஒண்ணு இருக்கு அங்கிள்” என்று முனகியபடி, கொண்டுவந்த பாவத்துக்காக, ஒவைஸ் பன்னிரண்டாவது அட்டையைத் தூக்கினான்.

கடை மொத்தமும் ஒரே வாயாகச் சொன்னது. “அலச்சியம்.”

மாணவிகள் சொன்னார்கள். அவர்கள் பிறக்கும்போது அந்தப் பலகைகள் கழன்று விழுந்துகொண்டிருந்தன. “உங்களுக்கு எப்டி தெரியும்?” என்று ஒவைஸ் கேட்டான். “எங்கம்மா தெனமும் என்ன அப்டித்தான் திட்டும். வாட்ஸாப்ல ஸ்டிக்கர்கூட கீது” என்றாள் ஒருத்தி. சாலையில் மெதுவாகப் போன ஒரு லாரியிலிருந்து கிளீனர் எட்டிப் பார்த்து, “அலச்சியம்டா டேய்” என்று கத்திவிட்டுப் போனான். அவனை யாரும் கேட்கவே இல்லை.

பச்சையம்மா ஒரு கிளாஸைப் பீம்ராவின் பக்கம் தள்ளினாள். “நம்ம அலச்சியந்தான அது. இருவது வருசமா கணக்கா அரைச் சக்கர டீ குடிக்குது. இத்த கேக்கவா இத்தினி பேரு வந்தீங்கோ?”

பீம்ராவுக்கு டீ இறங்கவில்லை. கப்பலைக் கவிழ்க்க ஓட்டை போட்டவர், ஓட்டைக்கு நேர் கீழே தானே படுத்திருந்ததை மறந்துபோனார்.

ஒவைஸ் குதித்தான். பெங்களூர் கழன்று வண்ணாரப்பேட்டை வெளியே வந்தது. “மாமு, செம மாமு. மத்த பதினொண்ணும் டம்மி பீஸு. இதாண்டா ஹீரோ. கவர்ல இவருதான், நடுவுல இவருதான், ஆஸ்பத்திரி பெட்டோட என்ட்ரி.”

“பாதி பேரை சொல்லணும்னுதான் பேச்சு” என்றார் பீம்ராவ். “பன்னெண்டுல ஒண்ணு. தோத்தது நீ. கையெழுத்து கெடையாது.”

“அங்கிள், ஊர்லயே ஃபேமஸ் நீங்கதான். வேணாங்கிறீங்களே.”

“ஃபேமஸா? திட்டறதுக்கு ஒரு வார்த்த வேணும்னு என்ன வச்சிகினு கீறாங்க. எம் பொண்ணு திங்கக்கெழம சேஃப்டி ஆபீசரா சேருது. கேட்டுல நிக்கறவன் அது மூஞ்சிய பாத்து இன்னா சொல்லுவான், சொல்லு. இன்னா சொல்லுவான்?”

மேலே போட்டுக்கொண்டிருந்த சால்வையை வரதன் மெதுவாக எடுத்து மடித்து பெஞ்சில் வைத்தார். பிறகு, இருபத்துச் சொச்சம் வருஷத்தில் முதல்முறையாக, நடுத்தெருவில், வலது கையிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார்.

“அது நான்” என்றார்.

“எது?” என்றான் ஒவைஸ்.

“அலட்சியம். நான்தான் நின்னேன். இவன் முத்து. பலக துரு புடிச்சி கீது, மூஞ்சி தெரியாது. வெரல பாரு.” பாதி விரலை அட்டையில் இருந்த பாதி விரலுக்குப் பக்கத்தில் நீட்டினார். “அவன் கைய காட்டச் சொல்லு. பத்தும் இருக்கும்.”

கடை முழுவதும் பீம்ராவின் கைகளைப் பார்த்தது. பத்து விரல்களும் கிளாஸைச் சுற்றி இருந்தன. ஒரு தழும்புகூட இல்லை. முப்பத்தாறு வருஷ எச்சரிக்கை, சாட்சி சொல்ல வேண்டிய அன்றைக்கு, எதிராளிக்குச் சாட்சி சொன்னது.

“இன்னாய்யா டபாய்க்கிற” என்றாள் பச்சையம்மா. “இத்தினி வருசமா இவன்தான...”

“நீ எல்லாரையும்தான் அப்டி கூப்புடற. பால்காரன கூப்புடல?” என்றார் வரதன்.

பீம்ராவ் வரதனின் கண்ணைப் பார்த்தார். அதில் வெட்கமே இல்லை. பசி இருந்தது. ஊர் சிரிக்கிற பெயராக இருந்தாலும் சரி, ஊருக்குத் தெரிந்த பெயர் வேண்டும் என்கிற பசி. அன்றைக்கு அவர் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டவன், இன்றைக்கு மிச்சத்தையும் கேட்டு நிற்கிறான்.

“அங்கிள், இவர் சொல்றது நெசமா?” ஒவைசுக்கு நிஜம் வேண்டியிருக்கவில்லை. கையெழுத்து வேண்டியிருந்தது.

“நெசந்தான்” என்றார் பீம்ராவ். “நான் முத்து.”

மண்டி மேசைமேல் வைத்து எழுதினார்கள். நான்தான் முன்னெச்சரிக்கை முத்து, அலட்சியம் ஆறுமுகத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, முத்துவை கேமில் சேர்க்காததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்து விரலால் அழுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு பீம்ராவ் வீட்டுக்கு நடந்தார். வழியில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அல்வா வாங்கினார்.

யசோதரா அல்வாவைத் தொடவில்லை. “உன்ன யாரு எழுதிக் குடுக்கச் சொன்னது? நான் கேட்டேனா?”

“உனக்காகத்தான்மா.”

“முப்பத்தாறு வருசம் அடிபடாம வந்த ஆளுன்னு மொத கிளாஸ்லயே உன்ன நிக்க வச்சிருப்பேன். இதான் அந்த அலட்சியம், வெரல எண்ணிக்கோங்கன்னு சொல்லியிருப்பேன். சொல்லிக்க ஒரு வார்த்தை இருந்துது. அத்தயும் அந்தாளு கிட்டயே குடுத்துட்ட.”

அல்வாவை எறும்பு எடுத்துக்கொண்டது.

கேம் வெளியானது. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடத்தினார்கள். பன்னிரண்டு பிரபலங்கள் பெரிய திரையில் வரிசையாக நின்றார்கள். முத்துவின் இடத்தில் சிமெண்டு மூட்டையில் வரும் யானை ஒன்று. ஆட வந்த அத்தனை பேரும் அலச்சியத்தையே எடுத்தார்கள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை, திரையில் அலச்சியம் அலச்சியத்தை அடித்துக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையால் சங்கிலியை இழுத்தால் பாரம் இரண்டு பேர் தலையிலும் விழும். அந்த ஒன்றுக்கே விசில். ரஸ்க் ராஜாவை ஒருமுறை தேர்ந்தெடுத்தது ஒவைசின் மாமா. அதுவும் கை தவறி.

வரதன் மேடையில் பாதி விரலைத் தூக்கிக் காட்டினார். கைக்குட்டையை எங்கே போட்டாரோ தெரியாது. பேனர் மாறியிருந்தது: ‘அலட்சியம் புகழ் வரதன்’. பத்துக்கு எட்டுதான். இப்போதெல்லாம் அவர் சிக்னலைப் பார்க்காமல் எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடக்கிறார். டிரெய்லர்க்காரன் பிரேக்கை மிதித்து, “யோவ் அலச்சியம், சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா” என்று கத்தினால், திரும்பி நின்று கும்பிடுகிறார்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள், பச்சையம்மா கடையில் பீம்ராவின் போன் அடித்தது. யசோதரா.

“அப்பா, அடுத்த வாரம் பாதுகாப்பு வாரம். சீஃப் கெஸ்ட்டா யாராவது ஃபேமசா வேணும்கிறாரு மேனேஜர்.”

“சரி.”

“அலட்சியத்தையே கூப்புடலாம்னு சொல்லிட்டாரு. மால போட்டு, சால்வ போத்தி, நான்தான் வரவேற்பு. அந்தாளு நம்பர் இருக்கா?”

அவள் குரலில் கோபம் இல்லை. ஆபீஸ் குரல். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

பீம்ராவ் நம்பரைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். வேலையில் அவள் கவனமானவள். “வைக்கிறேன்” என்றாள்.

பச்சையம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் டீ ஆற்றினாள்.

“ஏன் நைனா, உன் பேரு இன்னா?”

“இருவது வருசமா தெரியாதா உனக்கு?”

“தெரிஞ்ச பேர நீதான் எழுதிக் குடுத்துட்டியே. புச்சா ஒண்ணு சொல்லு.”

“பீம்ராவ்.”

“எந்தப் பக்கம்? இங்க புச்சா வந்துகீறியா?”

ஆட்டோ டிரைவர் சிரித்தார். பீம்ராவ் சிரிக்கவில்லை. கிளாஸ் பெஞ்சின் ஓரத்தில் இருந்தது. டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவர் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த கேம் போஸ்டரின் பாதி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அலச்சியமா” என்றாள் பச்சையம்மா.

பீம்ராவ் சட்டென்று திரும்பினார்.

“உன்ன கூப்புடல. கிளாஸு அலச்சியமா ஓரத்துல கீது. தள்ளி வையி.”